படையல் கட்டணம்

கொரியாவின் இஞ்சோன் துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிற பழைய வண்டிச் சந்தையில், பாங் தொக்சுவிடம் வண்டி வாங்கின எவனும் வண்டி விலையை மட்டும் கொடுத்துவிட்டு வீடு போய்ச் சேர்ந்ததில்லை. விலை என்னவோ சந்தையிலேயே குறைச்சலாகத்தான் எழுதிப்போட்டிருப்பான். அதைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு வருகிற ஆளை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, சாவியையும் கொடுத்து, ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொல்வான். வந்தவன் மனசுக்குள் அது சொந்த வண்டி ஆகிற வரைக்கும் பொறுமையாகக் காத்திருப்பான். அப்புறம்தான் ஒவ்வொன்றாக வெளியே வரும். பேர் மாற்றுகிற கட்டணம், பாலீஷ் கட்டணம், வண்டி இத்தனை நாள் நின்ற இடத்துக்குக் கட்டணம், இரண்டாவது சாவிக்குக் கட்டணம். சும்மா சொல்லக் கூடாது, அவன் அதைச் சொல்கிற தோரணையில் 'ஐயோ பாவம், இந்த மனுஷனுக்கு எவ்வளவு செலவு' என்று நமக்கே தோன்றிவிடும்.

இதிலெல்லாம் பெரிய கைங்கரியம் படையல் கட்டணம். வண்டி வாங்கிவிட்டு கோசா என்கிற படையல் போடாமல் ரோட்டில் இறக்க யாருக்குத் துணிச்சல் வரும்? கையில் காசு இருக்கிறவன் பன்றித்தலை வைப்பான். மற்றவர்கள் விறைத்துப்போன ஒரு புகோ மீன் கருவாட்டில் வெள்ளை நூலைச் சுற்றி, நாலு சக்கரத்திலும் மக்கொல்லிக் கள்ளை ஊற்றி, விழுந்து கும்பிட்டுவிட்டு, கருவாட்டை வண்டிக்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள். வண்டிக்கு வருகிற கெடுதலையெல்லாம் அது வாங்கிக்கொள்ளும். செத்தும் கண் மூடாத மீன் அல்லவா, ராப்பகலாக விழித்துக் காவல் காக்கும்.

தொக்சு என்ன செய்தான் தெரியுமா? பழைய வண்டியை விற்க வருகிறவர்கள் கருவாட்டை எடுத்துக்கொள்ள மறந்துவிடுவார்கள். அதையெல்லாம் பொறுக்கி மேசை டிராயரில் போட்டுவைத்தான். அழுக்கு நூலை உருவிவிட்டுப் புது நூல் சுற்றினால் புதுக் கருவாடு. ஒரு லட்சம் வொன்! அடப்பாவி என்று சந்தையில் எல்லாரும் திட்டிப் பார்த்தாயிற்று. "யார் வண்டின்னு மீனுக்கு என்னய்யா தெரியும்?" என்று பல்லைக் காட்டுவான்.

ஆனால் அந்தப் பாவிக்கும் ஒரு பயம் இருந்தது. சாவு விழுந்த வண்டியிலிருந்து எடுத்த கருவாட்டை மட்டும் திருப்பி விற்க மாட்டான். அதைப் பழைய செய்தித்தாளில் சுற்றித் தனியாக வைத்திருந்து, கடற்கரையில் கொண்டுபோய் எரித்துவிட்டு வருவான். அக்டோபர் கடைசியில் அப்படி ஒன்று வந்து சேர்ந்தது. மின் ஹோசிக் என்று ஒரு சிப்பி வியாபாரி. நெடுஞ்சாலை ஓரம் லாரியை நிறுத்தி, குளிருக்கு ஹீட்டரைப் போட்டுவிட்டு, 'கொஞ்ச நேரம் கண் அசரலாம்' என்று சாய்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. சீட்டில் தலை பின்னால் தொங்க, வாய் திறந்தபடி கிடந்தாராம். அவருடைய தம்பி லாரியைக் கொண்டுவந்து கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போனான். லாரி கப்பலேறி எங்கேயோ போய்விட்டது. ஹீட்டர் பக்கத்தில் கிடந்து வால் கருகிப்போன கருவாடு மட்டும் தொக்சுவிடம் நின்றுவிட்டது. எரிக்க வேண்டும் எரிக்க வேண்டும் என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தான்.

நவம்பரில் ஒரு மத்தியானம் யோம் ஓக்ரான் வந்தாள். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வாரச் சந்தை நாளன்று கிம்ச்சி ஊறுகாய், நெத்திலி வறுவல், சோயாவில் வேகவைத்த கறுப்பு பீன்ஸ் என்று விற்கிறவள். பழைய லாரி மக்கர் பண்ணி நின்றுபோனதால் வேறு லாரி பார்க்க வந்திருந்தாள். தொக்சு கட்டணங்களைச் சொல்ல ஆரம்பித்ததும் அவள் காப்பிக் கோப்பையை 'டக்'கென்று கீழே வைத்தாள்.

"பாலீஷ் கட்டணமா? இந்தக் கதவுல என் மூஞ்சி தெரியுதா பாருங்க முதலாளி. தெரியலைல்ல? கணக்குலேர்ந்து அடிங்க அதை."

"அம்மா, வண்டி ரெண்டு மாசமா நிக்கிற இடத்துக்கு நான் வாடகை…"

"நானா நிக்கச் சொன்னேன்? நேத்து வரைக்கும் எனக்கும் இந்த லாரிக்கும் அறிமுகமே கிடையாது."

"சரி, அதை விடுங்க. ரெண்டாவது சாவி…"

"லாரி வாங்குறவளுக்குச் சாவி தனிக் காசா! அப்புறம் டயருக்கும் தனியா கேப்பீங்களா?"

"கேக்கலாம்னுதான் இருந்தேன், உங்களைப் பாத்ததும் பயந்துட்டேன்," என்றான் தொக்சு. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அப்படி ஒவ்வொன்றாக வெட்டிச் சாய்த்துக்கொண்டே வந்தவள், படையல் கட்டணம் என்றதும் மட்டும் சத்தமே போடவில்லை. கைப்பையைத் திறந்து நோட்டுகளை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். தொக்சு திகைத்துப்போனான்.

"இதுல பேரம் கிடையாது முதலாளி. நல்லாப் பண்ணிக் கொடுங்க. எங்க வீட்டுக்காரர் இதையெல்லாம் கிண்டல் பண்ணுவாரு. படையல் போடாமயே வண்டியை எடுத்தாரு. அந்தக் குளிர்காலம் முடியறதுக்குள்ள பாலத்துல வண்டியோட போயிட்டாரு." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "ஒரே பொண்ணு. காலையில இதுலதான் என் பக்கத்துல உக்காந்து பள்ளிக்கூடம் போவா. எனக்கு வேற யாரு இருக்கா, சொல்லுங்க."

தொக்சு அவள் முகத்தைப் பார்க்காமல் டிராயரைத் திறந்தான். கைக்கு அகப்பட்ட கருவாட்டை எடுத்து, முதுகுப் பக்கம் வைத்துக்கொண்டே மளமளவென்று தலையிலிருந்து வால் வரை புது நூலைச் சுற்றினான். சக்கரங்களில் கள்ளை ஊற்றி இரண்டு வார்த்தை முனகினான். அவ்வளவுதான் அவனுடைய படையல். ஆனால் ஓக்ரான் சரளைக்கல் தரையில் முழங்கால் போட்டு, நெற்றி தரையில் படும்படி விழுந்து விழுந்து கும்பிட்டாள். நெற்றியில் மண் ஒட்டியிருந்தது, துடைக்கக்கூட இல்லை. கருவாட்டைக் குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்கி, ஓட்டுகிற சீட்டுக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவில் இருந்த பெட்டியில் வைத்தாள்.

"இந்தச் சந்தையிலயே நீங்க ஒருத்தர்தான் மனுஷன்," என்று சொல்லி, கடைக்குக் கொண்டுபோக வைத்திருந்த நெத்திலி வறுவலில் ஒரு டப்பாவை அவன் கையில் திணித்துவிட்டுப் போனாள். மூன்று நாள் அந்த டப்பா மேசைமேல் கிடந்தது. தொக்சுவுக்கு அதைத் திறக்க மனசு வரவில்லை. கூச்சம் என்று ஒன்று அவனுக்கும் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருந்தது போல.

நாலாம் நாள், பிறந்த வீட்டுக்குப் போயிருந்த கணக்குப்பிள்ளை கியோங்மி வேலைக்குத் திரும்பினாள். கடற்பக்கம் ஒரு வேலை இருக்கிறது, அப்படியே அந்தச் செய்தித்தாள் பொட்டலத்தையும் எரித்துவிடலாம் என்று தொக்சு டிராயரைத் துழாவினான். பொட்டலத்தைக் காணோம்.

"பேப்பர்ல ஒண்ணு சுத்தி வெச்சிருந்தேனே, எங்க?"

"அதுவா முதலாளி? ஊருக்குப் போறதுக்கு முன்னாடி டிராயரைச் சுத்தம் பண்ணேன். பேப்பர்ல பூரான் குட்டி போட்டிருந்துச்சு. உதறித் தூக்கி எறிஞ்சுட்டு, கருவாட்டை மத்ததோட சேத்துப் போட்டுட்டேன். நல்லாத்தானே இருந்துச்சு?"

தொக்சு டிராயரைப் பிடுங்கி மேசைமேல் கவிழ்த்தான். கருவாடுகள் சடசடவென்று விறகு மாதிரி விழுந்தன. ஒவ்வொன்றாகப் புரட்டி வாலைப் பார்த்தான். எல்லா வாலும் முழுசாக இருந்தது. கருகின வால் அங்கே இல்லை. கியோங்மி ஊருக்குப் போன பிறகு அவன் விற்றது ஒரே ஒரு கருவாடு.

"யாருக்குக் கொடுத்தீங்க?" என்று கேட்டாள் கியோங்மி. அவளுக்கும் முகம் வெளுத்துவிட்டது.

"யாருக்கும் இல்ல. வேலையைப் பாரு," என்றான்.

அன்றைக்கே போன் பண்ணிச் சொல்லியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். அவன் சொல்லவில்லை. சொன்னால் அவள் சந்தைக்கே வந்து மானத்தை வாங்குவாள், வாடிக்கை போய்விடும் என்பது உள்ளே இருந்த நிஜம். 'சொன்னா அந்தப் பயத்துலயே எங்கயாவது கொண்டுபோய் இடிச்சுருவா' என்று வெளியே தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். திருடனுக்கு இரக்கம் வந்தால் இப்படித்தான் வரும்.

ஆனால் செத்துப்போன ஹோசிக் அவனைச் சும்மா விடவில்லை.

மறுநாள் பகலிலேயே கடல்மூட்டம் சந்தைக்குள் புகுந்துவிட்டது. ஒரு வாடிக்கைக்காரருக்குக் காட்ட வரிசையில் நின்ற வண்டிகளுக்கு நடுவே நடந்தபோது, மூன்றாவது வண்டியில் யாரோ சீட்டில் சாய்ந்து, தலை பின்னால் தொங்க, வாயைத் திறந்தபடி கிடந்தார்கள். "யாருப்பா அது, உள்ள ஏறிப் படுத்திருக்கிறது?" என்று கதவைத் தட்டினான். வாடிக்கைக்காரர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். சீட் காலியாக இருந்தது. பூட்டின வண்டி, குளிர்ந்த எஞ்சின். ஆனால் கண்ணாடியில் உள்பக்கமாக ஆவி படர்ந்திருந்தது, ராத்திரி பூராவும் யாரோ உள்ளே மூச்சு விட்டுக்கொண்டு கிடந்த மாதிரி. வியாபாரம் அதோடு கெட்டது.

அதற்கப்புறம் தொக்சு வண்டிகளுக்குள் பார்ப்பதையே விட்டுவிட்டான். வண்டி விற்கிறவன் வண்டிக்குள் பார்க்காமல் எப்படிப் பிழைக்க முடியும்? காலையில் வழக்கமாகக் குடிக்கிற கருவாட்டுச் சூப்பைத் தொடாமலேயே தள்ளிவைத்தான். யாரிடமும் படையல் கட்டணம் கேட்கவில்லை. "என்ன முதலாளி, திருந்திட்டீங்களா, இல்ல உடம்பு சரியில்லையா?" என்று கியோங்மி கிண்டல் செய்தாள்.

கடைசியில் பொறுக்க முடியாமல் ஓக்ரானைப் போனில் கூப்பிட்டான்.

"லாரி எப்படிம்மா ஓடுது?"

"அட, நீங்களா! லாரிக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா ஒண்ணு முதலாளி, அந்த ஹீட்டரைக் கொஞ்சம் என்னன்னு பாக்கணும். அணைச்சு வெச்சாலும் உள்ள கதகதன்னு இருக்கு. ஏறி உக்காந்தாப் போதும், தூக்கம் சொக்குது. நேத்து சிக்னல்ல நின்னவ அப்படியே கண்ணை மூடிட்டேன், பின்னாடி வண்டிக்காரன் ஹாரன் அடிச்சுத்தான் முழிச்சேன்."



"எம் பொண்ணு வேற ஒரு கூத்து," என்று அவள் சிரித்தாள். "வண்டிக்குள்ள ஏறினா ரகசியம் பேசற மாதிரிதான் பேசறா. ஏன்டி இப்படின்னு கேட்டா, 'சத்தம் போடாதம்மா, யாரோ தூங்கறாங்க'ங்கிறா. பசங்களுக்கு என்ன என்னவோ தோணுது பாருங்க!"

"வண்டியைக் கொண்டு வாங்கம்மா. இலவசமா பாத்துத் தரேன்."

"இலவசமா? நீங்களா? அதுக்கு ஏதாச்சும் இலவசக் கட்டணம்னு போடுவீங்க! எனக்கு எங்க நேரம்? நாளைக்கு கிம்போவுல சந்தை, மழை வந்தாலும் போகணும்."

மறுநாள் விடிந்ததும் தொக்சு மீன் சந்தைக்குப் போனான். வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் படையலுக்கென்று காசு கொடுத்து ஒரு கருவாடு வாங்கினான், இருப்பதிலேயே பெரிதாகப் பார்த்து. வெள்ளை நூலும் புதுசு. சத்தமில்லாமல் பழையதை எடுத்துவிட்டு இதை வைத்துவிட்டால் போதும், அவளுக்குத் தெரியவே வேண்டாம், அவளும் பிழைப்பாள், நானும் பிழைப்பேன் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே ஓட்டினான். கிம்போவுக்குப் போகிற ரோட்டில் மூட்டம் சுவர் வைத்த மாதிரி நின்றது. ஓரமாக நசுங்கி நின்ற ஒரு வெள்ளை லாரியைப் பார்த்ததும் அவனுக்கு உயிரே போய்விட்டது. கிட்டப் போய்ப் பார்த்தால் அது வேறு யாருடையதோ.

ஓக்ரானின் லாரி குடியிருப்பு வாசலில் பத்திரமாக நின்றது. பக்கவாட்டுக் கதவைத் தூக்கிவிட்டு அவள் பின்பக்கம் நின்று கிம்ச்சி எடை போட்டுக்கொண்டிருந்தாள். நல்ல கூட்டம். தொக்சு குனிந்தபடி முன்பக்கம் போய்க் கதவைத் திறந்தான்.

உள்ளேயிருந்து வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. சாவி செருகியிருக்கவில்லை. ஓட்டுகிற சீட்டில் யாரோ சாய்ந்திருந்தார்கள். தொக்சுவின் கையிலிருந்த பொட்டலம் நழுவியது. கண்ணைக் கசக்கிப் பார்த்தான். சீட்டில் மாட்டியிருந்த அவளுடைய குளிர்ச்சட்டை. சட்டையேதான். 'சட்டைடா மடையா' என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு நடுப்பெட்டியைத் திறந்தான். கருவாட்டின் கழுத்தில் ஒரு சின்னப் பெண்ணின் மஞ்சள் கழுத்துத்துணி சுற்றியிருந்தது. மீனுக்குக் குளிருமே என்று கட்டிவிட்டிருக்கிறாள் போல. நூலை விலக்கினான். வால் நுனி கருகியிருந்தது.

"யாருடா அது! திருடன்! திருடன்!"

கிம்ச்சிக் கரண்டியோடு வந்து நின்ற ஓக்ரான், ஆளைப் பார்த்ததும் கரண்டியைத் தாழ்த்தினாள். "முதலாளி? நீங்களா? இங்க என்ன பண்றீங்க?"

பொய் சொல்ல அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹீட்டர் பார்க்க வந்தேன் என்றிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் அந்த மஞ்சள் துணி விரலில் சுற்றிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். டிராயர், பழைய கருவாடுகள், புது நூல், ஹோசிக், ஹீட்டர், பொட்டலம், பூரான், எல்லாம். கிம்ச்சி வாங்க நின்ற பெண்கள் "அய்யய்யோ", "ச்சீ, நீயெல்லாம் ஒரு மனுஷனா" என்றார்கள். ஒருத்தி அவன் சட்டைமேல் துப்பினாள்.

 ஓக்ரான் மட்டும் குனிந்து கருவாட்டின் கருகின வாலைப் பார்த்தாள்.

"அவரு பேரு என்ன சொன்ன?"

"ஹோசிக். மின் ஹோசிக்."

"நேத்து சாயங்காலம் பாலத்துமேல கண்ணைச் சொருகிடுச்சு," என்றாள் மெதுவாக. "எம் பொண்ணு தோளைப் பிடிச்சு உலுக்கினா. ஸ்டியரிங்கை ஒடிச்சேன். கம்பிக்கும் எங்களுக்கும் ஒரு சாண் இல்ல. அவங்க அப்பா போன அதே பாலம்." அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்பக்கூட நான் என்ன நினைச்சேன் தெரியுமா? படையல்தான் காப்பாத்துச்சுன்னு நினைச்சேன். வண்டியை ஓரமா நிறுத்திட்டு இந்த மீனைக் கும்பிட்டேன்."

தொக்சு சட்டைப் பையிலிருந்து நோட்டுகளை எடுத்து நீட்டினான். எண்ணவில்லை, இருந்ததெல்லாம். "வாங்கிக்கோங்கம்மா. ரெண்டு மடங்காவே இருக்கும். புதுக் கருவாடும் கொண்டாந்திருக்கேன், இதோ."

அவள் நோட்டுகளைத் தொடவில்லை. கீழே விழுந்து கிடந்த புதுக் கருவாட்டைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள்.

"பாலீஷுக்குச் சண்டை போட்டேன். சாவிக்குச் சண்டை போட்டேன். ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும்தான்யா உன்னை நம்பினேன்!" அவள் கத்தியது மாடிகள் வரைக்கும் கேட்டது. யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். "எம் பொண்ணு இவருக்குக் குளிருமேன்னு துணி கட்டிவிட்டா. செத்த மனுஷனுக்கு ஒரு கும்பிடு போட்டு வழியனுப்ப உனக்கு நேரமில்ல. அவரை என் பொண்ணு பக்கத்துல உக்காத்தி வெச்சுட்ட!"

பிறகு கருவாட்டை இரண்டு கையாலும் எடுத்தாள். கழுத்துத் துணியை அவிழ்க்கப் போனவள், வேண்டாம் என்று விட்டுவிட்டாள். தொக்சுவின் காருக்கு நடந்துபோய், முன்கதவைத் திறந்து, ஓட்டுகிறவனுக்குப் பக்கத்து சீட்டில் அதை வைத்தாள்.

"பின்னாடி டிக்கில போட்ட, பாத்துக்கோ. இங்கதான் வரணும் அவரு. என் லாரியில எம் பொண்ணு உக்காந்த இடம் இது. நீயே பக்கத்துல வெச்சுக் கூட்டிட்டுப் போ."

"அம்மா, நான் இதை ஒரு பையில போட்டு…"

"போ."

அவ்வளவு பேர் பார்த்துக்கொண்டிருக்க, தொக்சு வண்டியில் ஏறினான். கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டான். ஹீட்டர் பக்கம் கையே கொண்டுபோகவில்லை. கடற்கரை ரோட்டுக்குத் திரும்பினதும் வண்டிக்குள் 'டிங் டிங்' என்று ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. என்ன கோளாறு என்று பார்த்தான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிறவர் பெல்ட் போடவில்லை என்று சிவப்பு விளக்கு எரிந்தது.

சீட்டில் அந்தக் கருவாடு தவிர ஒன்றுமில்லை. பையில்லை, பொட்டலமில்லை. கையில் எடுத்தால் எடையே தெரியாத காய்ந்த மீன். அதைத் தூக்கிப் பார்த்தான், மறுபடி வைத்தான். சத்தம் நிற்கவில்லை. வண்டி போகப் போக இன்னும் வேகமாக, இன்னும் உரக்க அடித்தது. கண்ணாடிகள் திறந்திருந்தும் காற்று சூடாகத்தான் வந்தது. அவன் இமைகள் கனத்தன.

ரோட்டோரம் நிறுத்தினான். பக்கத்து சீட்டு பெல்ட்டை இழுத்தான். கருவாட்டின் மேல் தட்டையாக விழ வேண்டிய பட்டை அப்படி விழவில்லை. ஒரு ஆள் மார்பைச் சுற்றிப் போகிற அளவுக்கு நீளமாக இழுத்தபிறகுதான் கொக்கிவரை எட்டியது. மாட்டினான். சத்தம் நின்றது.

"மன்னிச்சிடுங்க அண்ணே," என்றான் தொக்சு. "கடலுக்குத்தான் போறோம். அதுவரைக்கும் ஏதாச்சும் பேசிக்கிட்டே வாங்க, எனக்குத் தூக்கம் வருது."